மூச்சை வெளியே தள்ளுவது யார்?

மூச்சை உள்ளே இழுக்க உடம்பு பாடுபடுகிறது. உதரவிதானம் என்னும் தசைத்தட்டு கீழே இறங்க வேண்டும். விலாக்கூடு விரிய வேண்டும். வெளியே விடுவதற்கு? பாடும்போதும் இருமும்போதும் அடுப்பு ஊதும்போதும் நாம் தள்ளுகிறோம், சரி. ஆனால் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கும்போதோ உறங்கும்போதோ எந்தத் தசையும் தள்ளாமலேயே மூச்சு வெளியே போய்விடுகிறது. பல காலம் பீடி குடித்து நுரையீரல் தளர்ந்தவர்கள் "இழுத்துடலாம், விடத்தான் முடியல" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களிடம் தேய்ந்துபோன எது நம்மிடம் மிச்சமிருக்கிறது?

விரிந்த நுரையீரல் தானே சுருங்கும் இயல்புடையது. காரணங்கள் இரண்டு. நுரையீரலின் காற்று நுண்ணறைகளுக்குள் படிந்திருக்கும் ஈரப்படலம் தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்க்கிறது. சுருக்கத்தில் பெரும்பங்கு இதனுடையது என்று 1929-லேயே கர்ட் ஃபொன் நீர்கார்ட் காட்டிவிட்டார். மற்றொரு காரணம், நுரையீரல் முழுக்க ஓடும் மீள்நார்கள். இழுத்தால் நீண்டு, விட்டால் பழைய நீளத்துக்கே திரும்பும் நார்கள் இவை. ஈரப்படலத்தின் கதை பெரிது, அதை இன்னொரு சமயம் பார்க்கலாம். இங்கே நம் பேச்சு நார்களைப் பற்றி.

நிமிடத்துக்கு 12 மூச்சு என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும் ஒரு நாளைக்கு 17,000-ஐத் தாண்டும். 70 வயதுக்குள் 44 கோடி. அத்தனை முறையும் அதே நார்கள்தான் நீள்கின்றன, சுருங்குகின்றன. தேய்ந்ததை உடம்பு அவ்வப்போது மாற்றிவிடும் என்று நினைத்தால், அதுவும் கிடையாது. எப்படித் தாங்குகின்றன?

ஆரம்பாக்கத்துப் பஞ்சர் கடை

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி தாண்டி, ஆந்திர எல்லையைத் தொடும் கடைசி ஊர்களில் ஒன்று ஆரம்பாக்கம். கொல்கத்தா நெடுஞ்சாலை ஊரை ஒட்டியே போகிறது. சிப்காட்டுக்குள் போகும் லாரிகள், எல்லை தாண்டிப் போகும் லாரிகள் என்று டயர்களுக்குப் பஞ்சமில்லாத சாலை. இத்தகைய சாலையோரங்களில் 'வல்கனைசிங்' என்று எழுதிய பலகைகளைப் பார்க்காமல் யாரும் பயணம் செய்திருக்க முடியாது. சின்னத் துளைக்குப் பசை தடவி ஒட்டுப் போட்டால் போதும். பெரிய கிழிசல் என்றால் அந்த இடத்தில் பச்சை ரப்பரை வைத்து, இறுக்கி, சூடேற்றுவார்கள். ஆறியபின் புது ரப்பரும் பழைய ரப்பரும் ஒன்றாகியிருக்கும்.

அந்தச் சூட்டில் நடப்பதுதான் நமக்கு முக்கியம். பச்சை ரப்பர் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் குவியல். சங்கிலிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாததால் இழுத்தால் வழுக்கி நீளும், விட்டால் முழுதாகத் திரும்பாது, வெயிலில் பிசுபிசுக்கும். 1839-ல் சார்லஸ் குட்இயர் அதோடு கந்தகம் சேர்த்துச் சூடேற்றினார். கந்தக அணுக்கள் சங்கிலிக்கும் சங்கிலிக்கும் இடையே பாலம் போட்டன. இந்தப் பாலங்களைக் குறுக்குப் பிணைப்புகள் என்போம். அவை வந்த பிறகு சங்கிலிகள் நீளலாம், ஆனால் இடம் மாறி ஓட முடியாது. விட்டதும் திரும்பியாக வேண்டும். ரப்பருக்கு மீளும் குணத்தைக் கொடுத்தது ரப்பர் மரம் பாதி, கந்தகம் பாதி. அளவும் முக்கியம். பாலம் குறைந்தால் பிசுபிசுப்பு, மிகுந்தால் விறைத்து வெடிப்பு.

நுரையீரலும் இதே வேலையைச் செய்கிறது. அங்கே கந்தகமும் இல்லை, கொதிக்கும் சூடும் இல்லை. 37 டிகிரி உடல் வெப்பத்தில், நீருக்குள், ஒரு நொதி இதை முடிக்கிறது.

ஒரு லைசினைப் பின்தொடர்வோம்

மீள்நாரின் முதன்மைப் பொருள் எலாஸ்டின் என்ற புரதம். செல் அதை முதலில் தனித்தனிச் சங்கிலிகளாகச் செய்து வெளியே விடுகிறது. அந்த நிலையில் அதை மூல எலாஸ்டின் என்று அழைக்கலாம். சுமார் 700 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அவற்றில் லைசின் என்னும் அமினோ அமிலம் 35 இடங்களில் வாக்கில் வருகிறது. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் பின்னாலேயே போவோம்.

நம் லைசின் செல்லை விட்டு வெளியே வரும்போது அதன் வால்நுனியில் ஒரு நைட்ரஜன் அணு ஒட்டியிருக்கிறது. வேதியியல்படி அது அடக்கமான நுனி. தானாகப் போய் யாரோடும் பிணையாது. வெளியே வந்ததும் முதலில் ஒரு விசித்திரம். பெரும்பாலான பொருட்கள் நீரைச் சூடாக்கினால் நன்றாகக் கரையும். மூல எலாஸ்டின் குளிர்ந்த நீரில் கரையும், உடல் வெப்பத்துக்கு வந்ததும் நீரை விட்டுப் பிரிந்து துளித்துளியாகத் திரளும். இப்படி நம் லைசினுக்குப் பக்கத்தில் வேறு சங்கிலிகளின் லைசின்கள் வந்து சேர்கின்றன. அந்தத் துளிகளை ஃபிப்யுலின் வகைப் புரதங்கள் ஏற்கெனவே நிற்கும் மெல்லிய இழைச் சட்டத்தின் மேல் கொண்டுசேர்க்கின்றன. அந்தச் சட்டம் ஃபிப்ரில்லின் என்னும் வேறு புரதத்தால் ஆனது.

இதுவரை பிணைப்பு எதுவும் இல்லை. இந்த இடத்தில் ஒருவர் எலாஸ்டினைக் குளிர்ந்த நீரில் அலசினால் அது கரைந்தே போய்விடும்.

இப்போது வருகிறது லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதி. தாமிர அணு ஒன்றைத் தாங்கியிருக்கும் நொதி இது. தாமிரம் இல்லையென்றால் வேலை செய்யாது. அது நம் லைசினின் வால்நுனி நைட்ரஜனை அம்மோனியாவாகக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஓர் ஆக்சிஜனை வைக்கிறது. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜன் பெராக்சைடும் வெளியேறுகிறது. நொதியின் வேலை அவ்வளவுதான். 700 மணிகளில் ஒரு மணியின் நுனியில் ஒரே ஓர் அணுமாற்றம். ஆனால் புதிய நுனி ஆல்டிஹைடு வகை. அதற்குச் சும்மா இருக்கத் தெரியாது. பக்கத்தில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்ளும். திருத்தப்பட்ட மூன்று லைசின்களும் திருத்தப்படாத ஒரு லைசினும் நெருக்கமாக அமைந்தால், நான்கும் சேர்ந்து தாமாகவே ஒரு வளையமாக மூடிக்கொள்கின்றன. அந்த வளையத்தின் பெயர் டெஸ்மோசின். இரண்டு சங்கிலிகள் இப்போது நான்கு கைகள் கோத்த ஒரே முடிச்சில். இனி இவற்றைப் பிரிக்க நீரால் முடியாது. எலாஸ்டினைத் தூய்மைப்படுத்தும் ஆய்வாளர்கள் காரக் கரைசலில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். மற்றப் புரதங்கள் கரைந்து போக, எலாஸ்டின் மட்டும் மிஞ்சும்.

டெஸ்மோசினை 1963-ல் பிரித்தெடுத்தது கேம்பிரிட்ஜின் மைல்ஸ் பார்ட்ரிட்ஜ் குழு. அவர்கள் எடுத்துக்கொண்டது மாட்டின் பிடரித் தசைநார். மேயும் மாடு கனத்த தலையைத் தாழ்த்தி மறுபடி தூக்க, தசையோடு இந்த நாரும் இழுத்துக் கொடுக்கிறது. எலாஸ்டின் மண்டிய இடம் அது.

புரதம் உருவான பிறகு அதன்மேல் செய்யப்படும் இவ்வகை மாற்றங்களைப் புரதத் திருத்தம் என்று சொல்லலாம். மரபணுவில் மூல எலாஸ்டினின் வரிசை மட்டுமே எழுதியிருக்கிறது. டெஸ்மோசின் எந்த மரபணுவிலும் எழுதப்படவில்லை. பள்ளிப் பாடங்கள் மரபணுவிலிருந்து புரதம் வந்ததோடு கதையை முடித்துவிடுகின்றன. மீள்நாரின் கதை அங்கேதான் தொடங்குகிறது என்பது என் கட்சி.

இரண்டு பருப்புகள், இரண்டு நஞ்சுகள்

இந்தத் திருத்தம் நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை உலகுக்குச் சொன்னது ஒரு செடி. இனிப்புப் பட்டாணி என்ற பூச்செடியின் விதைகளைத் தின்ற எலிகளுக்கு முதுகெலும்பு வளைந்தது என்று 1933-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டார்கள். பிறகு, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி வீங்கி வெடித்துச் சாகும் எலிகளையும் வான்கோழிகளையும் கண்டார்கள். 1954-ல் விதையின் நஞ்சு அடையாளம் காணப்பட்டது. அமினோபுரோபியோநைட்ரைல் என்பது அதன் நீண்ட பெயர். நாம் பட்டாணி நஞ்சு என்றே வைத்துக்கொள்வோம்.

'லத்தைரஸ்' என்ற இந்தச் செடிக்குடும்பத்தை இந்தியர்கள் வேறு வழியில் அறிவார்கள். துவரம்பருப்பில் கலப்படமாக வரும் கேசரிப் பருப்பு இதே இனம். மத்தியப் பிரதேசத்தில் பஞ்ச காலங்களில் இதையே தின்று வாழ்ந்தவர்களுக்குக் கால்கள் முடங்கின. அந்த நஞ்சைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் எஸ்.எல்.என். ராவ், பி.ஆர். அடிகா, பி.எஸ். சர்மா மூவரும் 1964-ல் பிரித்தெடுத்தார்கள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கேசரிப் பருப்பின் நஞ்சு நரம்பைத் தாக்குகிறது. இனிப்புப் பட்டாணியின் நஞ்சு நாரைத் தாக்குகிறது. உறவுக்காரச் செடிகள், ஆனால் இலக்கு வேறு வேறு.

பட்டாணி நஞ்சு எதைத் தாக்குகிறது என்பது 1968-ல் தெளிவானது. ஷெல்டன் பின்னெல், ஜார்ஜ் மார்ட்டின் இருவரும் கோழிக்கரு எலும்பின் சாற்றில் லைசினைத் திருத்தும் நொதி இருப்பதைக் காட்டினார்கள். நஞ்சு அந்த நொதியைப் பிடித்துக்கொண்டு விடவே விடுவதில்லை. இதனால் நமக்குக் கிடைத்தது மிகத் துல்லியமான சோதனைக் கருவி. நஞ்சு கொடுத்த விலங்கில் செல்கள் மூல எலாஸ்டினை வழக்கம்போல் செய்கின்றன, புரதத்துக்குக் குறையில்லை. திருத்தம் மட்டும் இல்லை.

எலிக்குட்டியின் முதல் இரண்டு வாரம்

எலிக்குட்டி பிறக்கும்போது அதன் நுரையீரலில் காற்று நுண்ணறைகளே கிடையாது. வழவழப்பான சுவர் கொண்ட பெரிய பைகள் மட்டும். நான்காம் நாள் வாக்கில் சுவர்களிலிருந்து குட்டிக் குட்டி மேடுகள் எழும்பி, பைக்குள் நீண்டு, அதைச் சிறு அறைகளாகப் பிரிக்கத் தொடங்குகின்றன. இரண்டு வாரத்துக்குள் வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் ஒரு நார்ச்செல் உட்கார்ந்திருக்கும். அதன் காலடியில் புத்தம்புது எலாஸ்டின் குவிந்திருக்கும். 1996-ல் சுவீடன் ஆய்வாளர்கள் இந்த நார்ச்செல்கள் உருவாகத் தேவையான ஒரு சமிக்ஞைப் புரதம் இல்லாத எலிகளை வளர்த்தார்கள். செல் இல்லை, உச்சியில் எலாஸ்டின் இல்லை, மேடும் எழவில்லை. பைகள் பைகளாகவே நின்றுவிட்டன.

செல் இருக்கட்டும், எலாஸ்டினும் இருக்கட்டும், திருத்தத்தை மட்டும் நிறுத்தினால்? கனடாவில் பணியாற்றிய கோசுயி கிடாவும் வில்லியம் தர்ல்பெக்கும் 1980-ல் இதைச் செய்து பார்த்தார்கள். வளரும் எலிக்குட்டிகளுக்குப் பட்டாணி நஞ்சைக் கொடுத்தார்கள். நுரையீரலில் அறைகள் பெரிதாகவும் எண்ணிக்கையில் குறைவாகவும் அமைந்தன. அடுத்த கேள்விதான் எனக்கு இந்த ஆய்வின் உயிர்நாடியாகத் தோன்றுகிறது: நஞ்சை நிறுத்திவிட்டால் எலி பிறகு ஈடுகட்டிவிடுமா? ஈடுகட்டவில்லை. நஞ்சு போன பிறகும் நுரையீரலின் அமைப்பும் செயலும் இயல்புக்குத் திரும்பவில்லை.

மரபணு வழியிலும் இதே பதில்தான். லைசில் ஆக்சிடேஸ் மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் 2002-ல் ஆராய்ந்தார்கள். குட்டிகள் பிறந்ததும் இறந்தன, பெருந்தமனி வீங்கியிருந்தது. 2005-ல் அதே குழு நுரையீரலைப் பார்த்தபோது மீள்நார்கள் துண்டு துண்டாகக் கிடந்தன.

மனிதரில் நுண்ணறைகளைக் கட்டும் இந்த வேலை கருவின் 36-ஆம் வாரம் வாக்கில் தொடங்கி, பிறந்த பிறகு முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மும்முரமாகவும், அதற்குப் பின் மெதுவாகவும் நடக்கிறது. வளர்ந்தவரின் நுரையீரலில் சராசரியாக 48 கோடி நுண்ணறைகள் என்று 2004-ல் எண்ணிச் சொன்னார்கள். அவற்றில் மிகப் பெரும்பாலானவை நாம் பிறந்த பிறகு எழுந்தவை. கைக்குழந்தையின் நுரையீரல் பெரியவர் நுரையீரலின் சின்ன வடிவம் என்று நினைப்பது தவறு. அது இன்னும் கட்டி முடியாதது.

கிண்டியிலிருந்து ஒரு கிளைக்கதை

புரதம் என்று வந்தால் தமிழ்நாட்டுக்காரர்கள் ஒருவரைச் சொல்லாமல் நகர முடியாது. ஜி.என். ராமச்சந்திரன் 1954-ல், கோபிநாத் கர்த்தாவுடன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருந்தபடி கொலாஜன் என்ற புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு என்று முன்மொழிந்தார். கொலாஜனும் நுரையீரலில் உண்டு. எலாஸ்டின் நீள உதவுகிறது, கொலாஜன் அளவுக்கு மீறி நீளாமல் தடுக்கிறது. கொலாஜன் கயிறு உடல் வெப்பத்தில் பிரியாமல் நிற்க, அதன் புரோலின் என்னும் அமினோ அமிலத்தில் ஒரு திருத்தம் தேவை. அதற்கு வைட்டமின் சி வேண்டும். அது இல்லாமல் போனால் வருவதுதான் ஈறில் ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய்.

எலாஸ்டினிலும் அதே புரோலின் திருத்தம் கொஞ்சம் நடக்கிறது. ஆனால் அங்கே அது மிஞ்சினால் கெடுதல். ஆய்வகத்தில் வளர்த்த செல்களுக்கு வைட்டமின் சி-யைத் தாராளமாகக் கொடுத்தால் கொலாஜன் கூடுகிறது, எலாஸ்டின் சேர்வது குறைகிறது. இது கண்ணாடித் தட்டில் வளர்ந்த செல்களின் சேதி. நெல்லிக்காய் தின்பதை யாரும் இதற்காக நிறுத்த வேண்டாம்.

ஆக்சிஜன் மிகுந்தால்

இந்தியாவில் 2020-ல் சுமார் 30 லட்சம் குழந்தைகள் 37 வாரம் நிறையும் முன் பிறந்தார்கள். எந்த நாட்டையும் விட அதிகம். ஆரம்பாக்கத்தில் ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் வலி கண்டால், குழந்தையின் நுரையீரல் இன்னும் வெறும் பைகள்தான். 108 வண்டி திருவள்ளூருக்கோ சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி எழும்பூருக்கோ விரைந்தாக வேண்டும். அங்கே குழந்தையைப் பிழைக்கவைப்பது ஆக்சிஜன். அதைப் பற்றி எவருக்கும் ஐயம் வேண்டாம்.

ஆனால் கருப்பையில் அந்த நுரையீரல் மிகக் குறைந்த ஆக்சிஜனில் வளர வேண்டியது. 1967-ல் வில்லியம் நார்த்வே, செயற்கைச் சுவாசமும் மிகுந்த ஆக்சிஜனும் பெற்றுப் பிழைத்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் நீடித்த பாதிப்பை விவரித்தார். இன்றைய சிகிச்சை அன்றைவிட எவ்வளவோ மென்மையானது. இன்று அந்த நோயின் முகம் வேறு: நுண்ணறைகள் குறைவு, இருப்பவை பெரிது, எலாஸ்டின் மேட்டின் உச்சியில் இல்லாமல் சுவர் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது.

திருத்தம் குறைந்ததால் இது நேர்ந்தது என்று நீங்கள் ஊகித்தால், நானும் முதலில் அப்படித்தான் எதிர்பார்ப்பேன். 2009-ல் ஜெர்மனியில் ரோரி மார்ட்டியின் குழு கண்டது நேர்மாறு. மிகை ஆக்சிஜனில் வளர்ந்த எலிக்குட்டிகளில் லைசில் ஆக்சிடேஸ் குடும்பத்தின் செயல்பாடு கூடியிருந்தது. இந்த நோயோடு இறந்த குழந்தைகளின் நுரையீரலிலும் அந்த நொதிகள் மிகுந்திருந்தன. பஞ்சர் கடைக்காரரைக் கேட்டால் வியப்படைய மாட்டார். வேகாத ஒட்டும் கெடுதல், தீய்ந்த ஒட்டும் கெடுதல்.

அப்படியானால் அதே பட்டாணி நஞ்சையே அளவாகக் கொடுத்து மிகையை அடக்கலாமே? 2015-ல் அதே ஆய்வு வட்டாரம் முயன்றது. எலிக்குட்டிகளில் பிணைப்புகள் சீரடைந்தன, எலாஸ்டினின் தோற்றமும் மேம்பட்டது. நுண்ணறைகள் கூடவில்லை. நாரைச் சரிசெய்தால் சுவர் தானே எழுந்துவிடாது என்று இதற்குப் பொருள். இந்தத் தோல்வியை நான் மதிக்கிறேன். 'நொதியை அடக்கினால் நோய் தீரும்' என்று எளிதாக எழுதிவிட்டுப் போக அது நம்மை விடுவதில்லை. இப்போதைக்கு மருத்துவமனைகள் செய்யக்கூடியது அளவுக் கட்டுப்பாடு: குழந்தையின் ரத்த ஆக்சிஜன் நிறைவு 90 முதல் 95 விழுக்காட்டுக்குள் இருக்குமாறு காலில் கட்டிய அளவியைப் பார்த்துப் பார்த்துக் குழாயைத் திருகுவது.

அணுகுண்டு சொன்ன வயது

கட்டி முடிந்த நார் எவ்வளவு காலம் இருக்கும்? 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வானில் வெடித்த அணுகுண்டுகள் காற்றில் கதிரியக்கக் கார்பனைக் கூட்டின. அத்தகைய வெடிப்புகளைத் தடைசெய்த 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு அது இறங்கத் தொடங்கியது. உண்ட சோறு வழியாக எல்லார் உடம்பிலும் அது ஏறியது. உடம்பின் எந்தப் பகுதி எப்போது செய்யப்பட்டது என்பதை அந்தக் கார்பனின் அளவே காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் ஸ்டீவன் ஷபீரோ குழு, இறந்தவர்களின் நுரையீரல் எலாஸ்டினில் இதை அளந்து 1991-ல் வெளியிட்டது. அதில் இருக்கும் கார்பன் சராசரியாக 74 ஆண்டுகள் தங்குகிறது. அதாவது, ஏறத்தாழ ஆயுள் முழுவதும். வளர்ந்தவர் நுரையீரல் புது எலாஸ்டினை மிகச் சொற்பமாகவே சேர்க்கிறது.

போடுவது ஒருமுறை; அறுப்பது பலமுறை நடக்கலாம். புகை உள்ளே போகும்போதெல்லாம் நுரையீரலுக்குள் வெள்ளணுக்கள் கூடுகின்றன. அவை கொட்டும் எலாஸ்டேஸ் என்ற நொதி மீள்நாரை வெட்டும். அதைத் தடுக்கும் புரதம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு இளவயதில் நுரையீரல் தளர்வதை, அதே 1963-ல், சுவீடனின் லாரெல்லும் எரிக்சனும் கண்டார்கள். அறுந்த நாரின் டெஸ்மோசின் உடம்பில் மறுபடி பயன்படாது, சிறுநீரில் வெளியேறுகிறது. அதனால்தான் சிறுநீரில் டெஸ்மோசினை அளந்து நுரையீரலில் நார் எவ்வளவு அறுகிறது என்று ஆய்வாளர்கள் கணிக்க முயல்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு நடைமுறை வேண்டுகோள். குறைமாதத்தில் பிறந்தவர்கள் வளர்ந்த பிறகு, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையில் நிறைமாதத்தவரைவிடச் சராசரியாகக் குறைவாகவே ஊதுகிறார்கள். ஆனால் முப்பது வயதுக்காரர் மூச்சிரைப்பு என்று மருத்துவரிடம் போனால் 'பீடி உண்டா, சிகரெட் உண்டா, எந்த கம்பெனியில் வேலை?' என்ற கேள்விகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. நீங்களோ உங்கள் பிள்ளையோ எந்த வாரத்தில் பிறந்தீர்கள், ஆக்சிஜனில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அடுத்தமுறை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.